காயலான் கடைக்கு முன்னால் ஒரு கதவு வேண்டும்

பழைய கணினிகளைத் தேடிச் சேர்த்து, பழுது பார்த்து, மறுபடி ஓட வைப்பதையே ஓய்வுக்கால வேலையாக வைத்திருந்த என் நண்பர் இந்த ஆண்டு மாசியில் சிறுசேரியில் காலமானார். எழுபதைத் தாண்டியவர். பத்திரிகையில் பெயர் வருவதை அவர் விரும்பியதில்லை. அதனால் இங்கும் அவர் பெயரைச் சொல்லவில்லை. நான் அவரை ‘சார்’ என்பேன். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்றாலும் எங்களுக்குள் இருந்தது நட்புதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாடி அறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அது வாடகை வீடு. மகன் வெளிநாட்டில், சாரின் மனைவி மகள் வீட்டுக்குப் போகிறார். குடும்பத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்களைக் கூப்பிட்டு, “அவர் உசிரா வெச்சிருந்த சாமான், யாராவது எடுத்துக்கோங்க” என்றுதான் சொன்னார்கள். அவரிடம் தொழில் கற்ற நாங்கள் சிலர் அங்கே இங்கே கேட்டுப் பார்த்தோம். கேட்ட இடத்தில் எல்லாம் அனுதாபம் இருந்தது, அலமாரி இல்லை. சின்ன இயந்திரங்களை எங்கள் வீடுகளில் பிரித்து வைத்துக்கொண்டோம். கனமான மானிட்டர்கள், அகலமான அச்சு இயந்திரங்கள், கிளைவங்கி ஒன்றிலிருந்து வந்த இரும்புப் பெட்டி போன்ற கணினி எல்லாம் காயலான் கடைத் தட்டுவண்டியில் ஏறிப் போயின.

ஒரு மனிதர் முப்பது ஆண்டுகளாகக் காத்த வரலாற்றை எடை போட அரை நாள் போதுமானதாக இருந்தது. இந்த நிலை மாற வேண்டும், மாற்ற முடியும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சார் அந்தக் காலத்து ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினியர். ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டு வெளியேறிய பிறகு, அது விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சி.எம்.சி.யிடம் வந்தது. உள்நாட்டுக் கணினிகள் ஒவ்வொன்றாகத் தலையெடுத்தன. டிப்ளமோ முடித்து அந்த அலையில் வேலைக்கு வந்தவர் அவர். 1984-ல் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு கணினிமயமாக்கலுக்கு வழி வகுத்த பிறகு, கிளைகளுக்கு ஏ.எல்.பி.எம். எனப்பட்ட லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் வந்தன. செங்கல்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் என்று மல்ட்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் உள்ள பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் போவார். “கணக்கு டேலி ஆகலன்னா மேனேஜர் வீட்டுக்குப் போக மாட்டாரு. அவரு போகலன்னா நானும் போக முடியாது” என்பார்.

வங்கிகள் ஆண்டுதோறும் கொடுக்கும் டைரியில்தான் அவருடைய குறிப்புகள் இருக்கும். எந்தக் கிளை, என்ன மாடல், என்ன பழுது, எந்தச் சிப்பை மாற்றினார், சர்க்யூட் படத்தில் இல்லாத எந்த ஒயரை உள்ளூரில் யாரோ சேர்த்திருந்தார்கள் என்பது வரை எழுதியிருப்பார். தயாரித்த நிறுவனத்திடமே இன்று அந்தத் தகவல் இருக்குமா என்பது சந்தேகம். அந்த டைரிகளை எடைக்குப் போகாமல் காப்பாற்றிவிட்டோம். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

அவர் அறைக்குள் நுழைந்தால் எண்பதுகள் வரிசையாக நிற்கும். ஒலிநாடாவிலிருந்து விளையாட்டை ஏற்றிக்கொள்ளும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். எச்.சி.எல். பிஸிபீ. மற்றவை எட்டாத விலையில் இருந்தபோது 33,000 ரூபாய்க்குச் சென்னையிலிருந்து வந்து சந்தையை உலுக்கிய சிவா பிசி. இன்றும் ரயில்வே முன்பதிவுச் சாளரத்தை நினைவூட்டும் ‘டக் டக்’ சத்தத்தோடு டி.வி.எஸ். கோல்டு விசைப்பலகைகள். இவற்றுக்கு நடுவில் அவர் செல்லமாக வைத்திருந்தது பிபிசி மைக்ரோ. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் வந்த இயந்திரம் அது. இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் தொட்ட கணினியும் அதுவே.

புதிதாக ஒரு பழைய இயந்திரம் வந்து இறங்கினால் அவர் உடனே சுவிட்சைப் போட மாட்டார். “மொதல்ல மூடியத் தொற. மூக்க வெச்சுப் பாரும்மா. மீன் வாசனை வந்தா கெப்பாசிட்டர் ஒழுகுதுன்னு அர்த்தம்.” பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் கண்ணாடி போன்ற மஞ்சள் மேலுறை கொண்ட ஒரு வடிகட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். காலப்போக்கில் உறை விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பல ஆண்டு கழித்து மின்சாரம் பாய்ந்தால் சில நிமிடங்களில் வெடித்து அறை முழுக்கப் புகை மண்டும். அதை முதலில் கழற்றிவிட்டுப் புதியது வைப்பார். பிறகு குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து மின்சாரம் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து நிற்கும், இயந்திரம் பிழைக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு முறை மின்னி மங்கிவிடும். ஐந்து வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

286, 386 கணினிகளின் தாய்ப்பலகையில் கடிகாரத்துக்காக ஒரு பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்திருப்பார்கள். அது ஒழுகினால் காரம் பரவி, செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். பச்சை பூத்த அந்தப் பலகையை அவர் மனைவியிடம் வாங்கிய எலுமிச்சம்பழச் சாற்றால் துடைப்பார். காரத்தை அமிலம் அடக்கும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, அறுந்த கோட்டுக்குப் பதிலாகத் தொலைபேசிக் கேபிளிலிருந்து உரித்த மெல்லிய கம்பியை வைத்துச் சால்டர் செய்வார். அறுபது வயதுக்கு மேல் பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் அந்தக் கம்பியை அவர் நடுங்காமல் பிடித்திருந்த அழகை நான் மறக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு எதிரி உண்டு. கோவளம் கடலும் கேளம்பாக்கம் உப்பளங்களும் சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்று சிப்புகளின் கால்களைக் கறுக்க வைக்கும், சாக்கெட்டுகளில் பூசணம் போலப் படியும். அதற்கு அவர் வைத்த விதி எளிது: அமாவாசைக்கு அமாவாசை எல்லா இயந்திரமும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். சூடு ஏறினால் ஈரம் இறங்கும். “ஓடாத மிஷினு போட்டோவுக்குச் சமம்மா” என்பது அவர் வாக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியபோது கட்டில் பீரோவை விட்டுவிட்டு இயந்திரங்களை மாடிக்கு ஏற்றியவர்.

இதெல்லாம் ஒருவரின் பொழுதுபோக்குதானே, ஊருக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வேலையைச் சொல்கிறேன். மாமல்லபுரம் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர், வலை இழுக்கும்போது மீனவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளைக் குப்பம் குப்பமாகப் போய்க் கேட்டு, தொண்ணூறுகளின் நடுவில் கணினியில் தட்டச்சு செய்து ஃபிளாப்பியில் வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பிறகு குடும்பத்தார் அந்த ஃபிளாப்பிகளைச் சாரிடம் கொண்டுவந்தார்கள். வட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. அப்படியே டிரைவில் போட்டால் தலைப்பகுதி சுரண்டி, உள்ளதும் போய்விடும். சார் உறையின் ஓரத்தைக் கத்தரித்து, மெல்லிய வட்டை மட்டும் வெளியே எடுத்து, ஒரு சொட்டுச் சோப்பு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறொரு சுத்தமான உறைக்குள் நுழைத்துப் படித்தார்.

கோப்புகள் வந்தன. எழுத்துகள் வரவில்லை. திரையில் தெரிந்தவை ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கலந்த குழப்பம்தான். அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். யூனிகோடில் 1991-லேயே தமிழ் இடம் பெற்றிருந்தாலும் நம் மேசைகளுக்கு அது வந்து சேர வெகு காலம் ஆனது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டேப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அரசு தரமாக்கியது. அதற்கு முன்பு தட்டச்சு செய்தவை எல்லாம், எந்த எழுத்துருவில் செய்தோமோ அதற்குள் பூட்டிக் கிடந்தன. சார் தன்னிடம் இருந்த பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு டிடிபி கடையின் கணினியிலிருந்து எப்போதோ எடுத்து வைத்திருந்த எழுத்துருவில் முதல் வரி தெளிவாகத் தெரிந்தது. பிறகு எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். அந்த டிரைவும் அந்த எழுத்துருவும் அதைத் தேடத் தெரிந்த ஆளும் ஒரே அறையில் இருந்ததால் அந்தப் பாட்டுகள் இன்று இருக்கின்றன. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் போயிருக்கும்.

தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி 1999-ல் மறைந்தார். தேனீ எழுத்துருவைத் தந்த அதிராம்பட்டினம் உமர் தம்பி 2006-ல் மறைந்தார். அவர்கள் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தத் தலைமுறையின் உழைப்பு ஓடிய இயந்திரங்களையும், அவற்றில் எழுதிவைத்த ஆயிரமாயிரம் பக்கங்களையும் காப்பதுதான் அந்தப் பெருமைக்கு நாம் செய்யும் மரியாதை.

பழைய கணினியை அப்படியே நடித்துக் காட்டும் எமுலேட்டர் மென்பொருள்கள் இருக்கின்றனவே, இரும்பு எதற்கு என்பது படித்தவர்கள் கேட்கும் கேள்வி. எமுலேட்டர் வேண்டும்; நானே நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஃபிளாப்பியைப் படிக்க டிரைவ் வேண்டும். இந்தியாவில் மாற்றியமைத்த பலகைகளின் ரோம் சிப்பில் உள்ளதை யாராவது ஒருமுறை நகலெடுத்தால்தான் எமுலேட்டருக்கே தீனி கிடைக்கும். அந்தச் சிப்புகளில் பல மின்னேற்றத்தால் நினைவை வைத்திருப்பவை. பதிற்றாண்டுகள் போகப் போக அது கசிந்து மறைகிறது. காத்திருக்க நேரமில்லை.

பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார அரசுப் பள்ளி மாணவர்கள் சார் வீட்டு மாடிக்கு வருவார்கள். பிபிசி மைக்ரோவில் சுவிட்சைப் போட்டதும் ‘பூ-பீப்’ என்று இரண்டு சுருதியில் ஒலித்து, அந்தக் கணமே வேலைக்குத் தயாராக நிற்கும். “லோடிங் வரலியே தாத்தா!” என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். இரண்டு வரி பேசிக் நிரல் எழுதித் தங்கள் பெயரைத் திரை முழுக்க ஓட விடுவார்கள். அந்த இயந்திரத்தின் நினைவகம் 32 கிலோபைட். இன்று எட்டு ஜிகாபைட் நினைவகம் உள்ள கைப்பேசி அதைவிட இரண்டரை லட்சம் மடங்கு பெரியது. அந்தக் கைப்பேசியை முழுசாக விளக்க எந்த ஆசிரியராலும் முடியாது. 32 கிலோபைட்டை ஒரு மனிதர் முழுவதும் புரிந்துகொள்ள முடியும். புரிந்ததைப் பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சொல்லித்தரவும் முடியும். மென்பொருள் நிறுவனங்கள் வரிசைகட்டி நிற்கும் சிறுசேரியில், கணினி உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிள்ளைகளுக்குத் திறந்து காட்டிய அறை என நான் அறிந்தது அந்த ஒரு மாடி அறையைத்தான்.

பாதுகாக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. மும்பை டாட்டா ஆதார ஆய்வு நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இந்தியர்களே வடிவமைத்த டிஃப்ராக் கணினி 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தில் ஒரு தலைமுறை விஞ்ஞானிகள் நிரல் எழுதக் கற்றார்கள். சில ஆண்டுகளில் அதன் காலம் முடிந்தது. இன்று அதை இயங்கும் இயந்திரமாகப் பார்க்க வழியில்லை. இங்கிலாந்தில் போர்க்காலக் கொலோசஸ் கணினிக்கும் அதே கதிதான் நேர்ந்திருந்தது. 1993-ல் டோனி சேல் என்ற பொறியாளர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, கிடைத்த புகைப்படங்களையும் சில சர்க்யூட் படங்களையும் வைத்து அதை மறுபடி கட்டத் தொடங்கினார். 2011-ல் அவர் காலமானார். பிளெட்ச்லி பார்க்கில் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிறுவனமும் தொண்டர் குழுவும் பின்னால் இருந்ததுதான் காரணம்.

பணம் மட்டும் இருந்தால் போதுமா? மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன், சியாட்டிலில் பழைய கணினிகள் உண்மையாகவே ஓடும் அருங்காட்சியகத்தை நடத்தினார். 2018-ல் அவர் மறைந்தார். 2020-ல் மூடிய கதவு திறக்கவே இல்லை. 2024-ல் அவருடைய சேகரிப்பின் ஒரு பகுதி ஏலத்துக்குப் போனது. உலகப் பெரும் பணக்காரர்களில் ஒருவருக்கே இதுதான் நிலை என்றால், சிறுசேரியில் ஓய்வூதியக்காரர் ஒருவரின் சேகரிப்பு பதினாறாம் நாளைத் தாண்டாததில் வியப்பென்ன?

வழி தெரியாத சமூகமும் அல்ல நாம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் 1992-ல் அவர் மறைந்த பிறகு சிதறிப் போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக வைக்க 1994-ல் வழி செய்தது. இன்று தரமணியில், சிறுசேரி வழியே போகும் இதே பழைய மாமல்லபுரம் சாலையின் தொடக்கத்தில், யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். ஒரு தனிமனிதரின் காகிதச் சேகரிப்புக்குச் செய்ததைக் கணினிச் சேகரிப்புக்கும் செய்ய முடியும்.

என் கோரிக்கைகள் எல்லாம் நடைமுறையில் செய்யக்கூடியவை.

முதலாவது, இடம். இந்தச் சாலையில் பழைய கணினிகளுக்கு ஒரு பட்டறையும் ஒரு காட்சிக்கூடமும் வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் அருங்காட்சியகமாக அது இருக்கக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை எல்லாம் ஓட வேண்டும். சென்னை கணிதவியல் நிறுவனமும் பெரும் மென்பொருள் வளாகங்களும் உள்ள சிறுசேரி சிப்காட் பூங்கா அதற்கு ஏற்ற இடம். தமிழ்க் கோப்புகளை மீட்கும் பணிக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தலைமை ஏற்கலாம். 2013 நிறுவனங்கள் சட்டப்படி பெருநிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதற்கான பட்டியலில் தேசியப் பாரம்பரியத்தைப் பாதுகாப்பதும் இருக்கிறது. கணினியால் வளர்ந்த நிறுவனங்கள் கணினியின் பாரம்பரியத்துக்குச் செலவிடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன?

இரண்டாவது, விதி. 2022 மின்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளர், தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், பிரிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோருக்குப் பொருந்தும் என்கின்றன. வரலாற்றுக்காகக் காப்பவருக்கு அந்த வரிசையில் இடமில்லை. பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது; அதைக் கண்ட இடத்தில் உடைக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கேட்பது சிறிய திருத்தம்: அரசு அலுவலகமோ வங்கியோ பாலிடெக்னிக்கோ பழைய கணினிகளை ஏலம் விடுமுன், ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை அந்தப் பட்டறைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, குரல். எண்பதுகளில் பையைத் தூக்கிக்கொண்டு கிளை கிளையாகப் போன சர்வீஸ் இன்ஜினியர்கள் இன்று அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவிலும் டைரியிலும் உள்ளதைப் பதிவு செய்யப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கல்லூரி மாணவரும் ஒரு கைப்பேசியும் போதும்.

நான்காவது, நம் வீடு. சேகரிப்பாளர்கள் தங்களிடம் என்ன இருக்கிறது, எது ஓடும், எது யாருக்குப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிறோம், இதற்கும் போடலாம். சார் அப்படி எழுதவில்லை. உடம்பு இவ்வளவு சீக்கிரம் கைவிடும் என்று அவரும் நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

அந்த டைரிகளை இப்போது பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம். வேலை முடிந்ததும் பட்டறை அமைக்க முன்வரும் எந்தப் பொது நிறுவனத்துக்கும் அவற்றையும் எங்களிடம் உள்ள இயந்திரங்களையும் விலையில்லாமல் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். இதைப் படிப்பவர் வீட்டுப் பரணில் பழைய கணினியோ, அப்பா தட்டச்சு செய்த ஃபிளாப்பிகளோ இருந்தால், பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சுவிட்சையும் போட்டுவிடாதீர்கள். பழைய இயந்திரம் தெரிந்த ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

அப்படிக் காட்ட ஒரு முகவரியை ஏற்படுத்தித் தருவது அரசின் கடமை. இந்தச் சாலையில் தொழில் செய்து வளர்ந்த நிறுவனங்களின் கடமையும்கூட. அடுத்த சேகரிப்பாளரின் காரியத்துக்கு முன்பாவது அது நடக்க வேண்டும்.